மின்னூலுக்கு இலவச மாதிரி அமைக்கும் முறை

கடையில் புத்தகம் வாங்குபவர் அட்டையைப் பார்த்ததும் பணத்தை நீட்டிவிடுவதில்லை. நடுவில் எங்கேனும் பிரித்து, நின்றபடியே இரண்டு பக்கம் படித்த பிறகுதான் முடிவு செய்கிறார். மின்னூலில் அந்த வாய்ப்பைத் தருவது இலவச மாதிரி. வாசகர் என்ற முறையில் என் குறை, பதிப்பாளர்கள் மாதிரி தருவதில்லை என்பதன்று. தரும் மாதிரிக்குள் நூல் இருப்பதில்லை என்பதே.

அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் பொதுவாக நூலின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ 10 விழுக்காடு தானாகவே மாதிரியாக வெட்டப்படுகிறது. 120 பக்கச் சிறுகதைத் தொகுப்பு என்றால் 12 பக்கம். தலைப்புப் பக்கம், உரிமைப் பக்கம், காணிக்கை, இரண்டு அணிந்துரைகள், பதிப்புரை, என்னுரை என்று அந்தப் பன்னிரண்டும் தீர்ந்துபோக, வாசகர் முதல் கதையின் முதல் வரியைக்கூடக் காணாமல் திரும்பிவிடுகிறார். ஆகவே மின்னூல் கோப்பைத் தயாரிக்கும்போதே அணிந்துரைகளை இறுதிக்கு நகர்த்திவிடுங்கள். எழுதித் தந்த பெரியவர் வருந்துவாரே என்ற தயக்கம் இயல்பானதுதான். அச்சுப் பதிப்பில் அவருக்குரிய இடம் முன்பக்கத்திலேயே இருக்கட்டும். பொருளடக்கத்தை மட்டும் முன்னால் விட்டுவையுங்கள், ஏனெனில் தொகுப்பு நூலை வாங்குபவர் அதைத்தான் முதலில் தேடுகிறார்.

அடுத்தது கதைகளின் வரிசை. எழுதிய காலப்படி அடுக்குவது அச்சு நூலுக்குப் பொருந்தலாம். மின்னூலில், மாதிரியின் எல்லைக்குள் முழுமையாக அடங்கும் ஒரு நல்ல சிறிய கதையை முதலில் வைத்தால், வாசகர் எழுத்தாளரின் நடையையும் கதையை முடிக்கும் திறனையும் ஒருசேர அறிந்துகொள்வார். நாவலுக்கு இந்தக் கவலை வேண்டாம். பாதி வாக்கியத்தில் அறுந்தாலும் அது ஆவலைத் தூண்டவே செய்யும். கூகுள் பிளே புக்ஸில் மாதிரியின் அளவை 20 விழுக்காட்டிலிருந்து பதிப்பாளரே கூட்டிக்கொள்ளலாம் என்பதால், ஓர் அத்தியாயமாவது முடியும்படி அதை அமையுங்கள்.

எழுத்துப்பிழையை வாசகர் மன்னிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பு தன் எழுத்தைவிட்டுப் பிரிந்து நிற்பதுண்டு. அச்சுப் பக்கத்தை ஒளிவருடி எழுத்தாக்கினால் துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ரகரம் வந்து உட்கார்ந்துவிடும். இவை மாதிரியின் மூன்றாம் பக்கத்திலேயே கண்ணில் பட்டால், மீதி 90 விழுக்காட்டை நம்பி யார் பணம் கொடுப்பார்? பக்கங்களைப் படமாகவே ஏற்றுவது இன்னும் மோசம். கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்க முயன்றால் வரி திரைக்கு வெளியே ஓடுகிறது.

நூல் விற்பனைக்கு வந்த அன்றே மாதிரியை உங்கள் கைப்பேசியில் இறக்கி, எழுத்தின் அளவை இரண்டு படி கூட்டி, கடைசிப் பக்கம்வரை படியுங்கள். பிழை கண்டு திருத்திய கோப்பை ஏற்றினால், முன்பு இறக்கியதை நீக்கிவிட்டு மாதிரியைப் புதிதாக இறக்கிச் சரிபாருங்கள். இல்லையெனில் பழைய பக்கங்களையே மறுபடியும் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.