ஆஃப்டர்பர்னரின் ஓசி ஸ்கேனர்: அழுத்துவதற்கு முன்னும் பின்னும்

ஓவர்கிளாக் (கிராபிக்ஸ் கார்டை வழக்கமான வேகத்தைவிடக் கூட்டி ஓட்டுவது) என்றாலே வோல்ட்டேஜில் கைவைத்துக் கார்டைப் பொசுக்கிவிடுவோமோ என்று ஒதுங்கியவர்களுக்குத்தான் இது. ஜிடிஎக்ஸ் 10 வரிசையோ அதற்குப் பின் வந்த என்விடியா கார்டோ இருந்தால், எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் உள்ள ஓசி ஸ்கேனரே, கார்டு எவ்வளவு வேகம் தாங்கும் என்று சோதித்து வேலையைப் பார்த்துக்கொள்ளும். கார்டு எம்எஸ்ஐ தயாரிப்பாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆனால் நொடிக்கு 60 ஃபிரேமில் ஓடும் கேம் 62, 63 ஆகும், பெரும்பாலும் அவ்வளவுதான். அதற்கு முன்னால் பயாஸில் (கணினி தொடங்கும்போது நுழையும் அமைப்புத் திரை) ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், 3200 ரேமுக்குக் காசு கொடுத்துவிட்டு 2133இல் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

மென்பொருளை எம்எஸ்ஐ தளத்திலிருந்தே இறக்குங்கள். 2021இல் இதே பெயரில் போலித் தளம் வைத்து வைரஸ் கொடுக்கிறார்கள் என்று எம்எஸ்ஐயே எச்சரிக்க வேண்டியிருந்தது.

சரி, திறந்தாச்சா? கோர் வோல்ட்டேஜைத் தொடாதீர்கள். கார்டு இழுக்கும் மின்சாரத்தின் உச்சவரம்பான பவர் லிமிட்டை வலது கோடி வரை தள்ளி (லேப்டாப்பில் பெரும்பாலும் அது பூட்டியே இருக்கும்) அப்ளை கொடுங்கள். கேம், பிரௌசர் எல்லாவற்றையும் மூடிவிட்டு கண்ட்ரோலும் எஃப்பும் சேர்த்து அழுத்தினால், கீழே வோல்ட்டேஜ், பக்கவாட்டில் வேகம் என்று ஒரு வளைகோடு தெரியும். அந்த ஜன்னலில் இருக்கும் ஓசி ஸ்கேனர் பொத்தானை அழுத்தி ஸ்கேன் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுங்கள், ஏறத்தாழ 20 நிமிஷம் ஆகும், நடுவில் திரை ஒரு தடவை கறுத்துத் திரும்பினாலும் பதற வேண்டாம்.

இதில் நிறையப் பேர் கவனிக்காத ஒன்று அறையின் சூடு. சிப் சூடாக ஆக கார்டு தானாகவே வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ளும் என்பதால், ஏசி போட்டு ஸ்கேன் செய்துவிட்டு மே மாத மத்தியானம் ஃபேனுக்கடியில் விளையாடினால் அந்தக் கணக்கு செல்லாது. விளையாடும் நேரத்தில், விளையாடும் அறையில், கேபினட்டை மூடியே ஸ்கேன் செய்யுங்கள்.

முடிந்ததும் சராசரியாக எத்தனை மெகாஹெர்ட்ஸ் கூடியது என்று ஒரு வரி வரும். அதைக் குறித்துக்கொண்டு, அப்ளை கொடுத்து, ஒரு புரொஃபைலில் சேமியுங்கள். ஸ்கேனர் பாஸ் போட்டுவிட்டது என்று நம்பிவிட வேண்டாம். எனக்கு 120 என்று காட்டியது, பெஞ்ச்மார்க் என்ற வேகச் சோதனையும் சுத்தமாக ஓடியது, அப்புறம் கேமில் அரை மணி நேரத்தில் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) விழுந்து டெஸ்க்டாப்புக்குத் தூக்கிப் போட்டது. கோர் கிளாக் பெட்டியில் 90 என்று நானே தட்டி அப்ளை கொடுத்தேன், அதற்குப் பிறகு பிரச்சினை இல்லை. உங்களுக்கும் கேம் விழுந்தால் இப்படி 30 குறைத்துப் பாருங்கள், அப்போதும் விழுந்தால் இன்னொரு 30.

விண்டோஸ் தொடங்கும்போதே இந்த வேகத்தைப் போடச் சொல்லும் பொத்தான் ஒன்று உண்டு. ஒரு வாரம் ஒழுங்காக ஓடும்வரை அந்தப் பக்கம் போகாதீர்கள். அவசரப்பட்டுப் போட்டு, விண்டோஸ் ஏறும்போதெல்லாம் திரை விழுந்து மாட்டிக்கொண்டால், அத்தியாவசியமானவை மட்டும் ஏறும் சேஃப் மோடில் நுழைந்து ஆஃப்டர்பர்னரை நீக்குங்கள், என்விடியா டிரைவர் அங்கே ஏறாது என்பதால் திரை விழாமல் நிற்கும்.