மலாய் வீட்டில் அந்தரங்கத்தைச் சுவரில் தேடாதீர்கள்

மலேசியாவின் கம்போங் (கிராமத்து) வீட்டைப் பார்த்ததும் பலரும் கேட்பது, "எல்லாம் திறந்து கிடக்கிறதே, மறைவு எங்கே?" தரைவரை இறங்கும் ஜன்னல்கள், அறைகள் குறைவான உள்வீடு, சுற்றிலும் வேலியும் இல்லை. கேள்வி நியாயம்தான். ஆனால் பதிலைச் சுவரில் தேடுவதுதான் முதல் தவறு. இங்கே எல்லை போடுவது தரையின் உயரமும் படிக்கட்டு இருக்கும் இடமும்.

முன்பக்கம் செராம்பி என்ற திண்ணை, நடுவில் ரூமா இபு என்ற மைய வீடு, பின்னால் டாப்பூர் என்ற சமையற்கட்டு. ரூமா இபுவின் தரைதான் உயர்ந்தது. செராம்பி ஒரு படி தாழ்வு, டாப்பூர் இன்னும் கீழே. அந்நிய ஆண் விருந்தாளி செராம்பியில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். அந்த ஒரு படியைத் தாண்ட மாட்டார். 'கால் தடுக்குகிறது' என்று தரையை ஒரே மட்டமாக்குகிறவர்கள் அந்த எல்லையையே அழித்துவிடுகிறார்கள்.

அதைவிடப் பெரிய இழப்பு செலாங்கை மூடுவது. ரூமா இபுவையும் டாப்பூரையும் இணைக்கும் குறுகலான நடை அது; பக்கவாட்டில் அதற்கென்று தனிப் படிக்கட்டு. அக்கம்பக்கத்துப் பெண்கள் முன்வாசலுக்கே வராமல் அந்தப் படியேறி, உட்கார்ந்து, தேங்காய் துருவிக்கொண்டே கதை பேசுவார்கள். வீண் இடம் என்று அதைக் குளியலறையாக்கினால், வரும் பெண்கள் செராம்பியில் இருக்கும் ஆண்களைக் கடந்துதான் உள்ளே போகவேண்டும். மலாக்கா வீடுகளில் செலாங்குக்குப் பதில் நடுமுற்றம் இருக்கும். எல்லா மாநிலத்துக்கும் ஒரே வரைபடம் பொருந்தாது.

ஜன்னலை மட்டும் நகலெடுப்பதும் வேண்டாம். வீடு தூண்மேல் நிற்பதால் கீழிருந்து பார்ப்பவருக்குப் பாயில் உட்கார்ந்திருப்பவர் எளிதில் தெரியமாட்டார். அதே ஜன்னலைத் தரைமட்ட வீட்டில் வைத்தால் தெருவே உள்ளே வந்துவிடும்.

விருந்தாளியாகப் போனால், படியேறி எட்டிப் பார்க்காதீர்கள். கீழே நின்று குரல் கொடுங்கள். மூன்று முறை சலாம் சொல்லியும் பதில் இல்லையென்றால் திரும்பிவிடுவதே முறை.

இதையெல்லாம் சொல்லி இந்த வீட்டைத் தலையில் தூக்கிவைக்கவும் கூடாது. வெளியாரிடமிருந்து குடும்பத்துக்கு மறைவு உண்டு. குடும்பத்துக்குள் ஒருவருக்கென்று தனிமை குறைவு. பலகைச் சுவர் எந்தப் பேச்சையும் அடக்காது.

இன்றைய தாமான் (நகர்ப்புறக் குடியிருப்பு) வரிசை வீடுகளில் இந்த அடுக்கே கிடையாது. கதவைத் திறந்தால் கூடம், கூடத்திலிருந்து நேராகச் சமையற்கட்டு. அங்கே நடுவில் ஒரு திரை தொங்கினால் அலங்காரம் என்று நினைத்து விலக்கிக்கொண்டு போய்விடாதீர்கள்.