நேர்காணலில் "கல்யாணம் எப்போது?" என்று கேட்டால்

பட்டம் வாங்கிய கையோடு சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் ஒரு நேர்காணலுக்குப் போனேன். படிப்பைப் பற்றி 2 கேள்விதான். அப்புறம், "கல்யாணம் எப்போது? பிள்ளை பிறந்தால் வேலையை விட்டுவிடுவீர்களா?" என்று கேட்டார்கள். கையிலிருந்த கோப்பின் ஓரத்தைக் கசக்கிக்கொண்டே, "இப்போதைக்கு இல்லை" என்று சொல்லிவிட்டேன். அப்படிப் பதில் சொல்லியிருக்கவே வேண்டாம்.

வேலைக்குத் தொடர்பில்லாத இத்தகைய கேள்விகளைத் தவிர்க்கும்படி அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் முதலாளிகளிடம் சொல்கின்றன. திருமணம், கர்ப்பம், இனம், சமயம் போன்றவற்றை வைத்துப் பாகுபாடு காட்டுவதற்கு எதிரான வேலையிட நியாயச் சட்டமும் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

அதனால் ஒரு வாக்கியத்தை வீட்டிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்: "இந்த வேலைக்கு அது எப்படித் தொடர்பு என்று சொன்னால் பதில் சொல்ல வசதியாக இருக்கும்." குரல் மரியாதையாகவே இருக்கட்டும். விண்ணப்பப் படிவத்தில் மதம், திருமண நிலை என்று கட்டம் இருந்தால், ஏன் தேவை என்று கேட்டுவிட்டு நிரப்புங்கள்.

மோசமாக நடந்தால், எம்ஆர்டி ரயிலில் ஏறும் முன்பே தேதி, நேரம், கேட்ட வார்த்தைகள் எல்லாவற்றையும் அப்படியே கைப்பேசியில் எழுதிக்கொள்ளுங்கள். இரவு வந்தால் பாதி மறந்துவிடும். நியாயமான வேலை நடைமுறைகளைக் கவனிக்கும் டாஃபெப் (TAFEP) அமைப்பிடம் இணையம் வழியாகவே புகார் தரலாம்.