டெஸ்டோஸ்டிரோன் ஊசி: தொடங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம், எங்கள் மருந்தகத்தில் புதிதாகச் சேர்ந்த இளம் மருத்துவர் ஒருவர் ஒரு கோப்பைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். 34 வயது ஆடவர். ஓயாத சோர்வு, இல்லற ஆர்வமின்மை, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் அளவு லிட்டருக்கு 9.6 நானோமோல். "அடுத்த வாரம் ஊசிய ஆரம்பிச்சிடலாமா டாக்டர்?" என்று கேட்டார். நான் அறிக்கையின் மேல் மூலையைப் பார்த்தேன். ரத்தம் எடுத்த நேரம் மாலை 4.10 என்று அச்சாகியிருந்தது. அன்று காலை எட்டு மணிக்குத்தான் அவர் துறைமுகத்தில் பன்னிரண்டு மணி நேர இரவு வேலையை முடித்திருந்தார் என்ற குறிப்பு அடுத்த பக்கத்தில் இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் இப்படிப்பட்ட ஒரு தாளை நம்பி நானும் ஊசி போட்டிருக்கிறேன். ஆகவே அந்த இளைஞர்மீது எனக்குக் கோபம் வரவில்லை, கவலைதான் வந்தது.

கை கழுவுதல், மருந்தின் காலாவதி நாளைப் பார்த்தல் போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. நல்ல மருத்துவரும் அக்கறையுள்ள நோயாளியும் சேர்ந்தே செய்துவிடுகிற தவறுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்த ஊசி நல்ல மருந்து. பிறவியிலேயே கூடுதல் எக்ஸ் குரோமோசோமுடன் பிறந்த கிளைன்ஃபெல்டர் நிலையினர், புற்றுநோய்ச் சிகிச்சையில் விரைகள் பாதிக்கப்பட்டவர்கள், மூளையடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு அது இழந்த வாழ்க்கையைத் திருப்பித் தருவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அறிகுறிகளும் உண்டு, திரும்பத் திரும்பச் சோதித்தும் அளவு குறைவாகவே இருக்கிறது என்றால், பாலுணர்வு மீள்வதற்கும், எலும்பின் அடர்த்தி கூடுவதற்கும், சிலருக்கு ரத்தசோகை நீங்குவதற்கும் அது உதவுகிறது. வயது ஏறுவதால் மட்டும் வரும் சோர்வுக்கு அது மருந்தல்ல.

மாலை நேரத்து ரத்தத்தை நம்புவது

டெஸ்டோஸ்டிரோன் விடியற்காலையில் உச்சத்தில் இருந்து, பிற்பகலில் இறங்கும். இளைஞர்களிடம் இந்த இறக்கம் இன்னும் அதிகம். அதனால்தான் வெறும் வயிற்றில், காலையில், வெவ்வேறு இரண்டு நாள்களில் ரத்தம் எடுக்க வேண்டும் என்கிறார்கள். இரவு வேலை செய்பவருக்குக் கடிகாரம் காட்டும் காலை அவருடைய காலை அல்ல. சில நாள் விடுப்பு எடுத்து, இரவில் ஒழுங்காகத் தூங்கி எழுந்த பிறகு சோதித்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. காய்ச்சல், அண்மையில் செய்த அறுவை சிகிச்சை, ஸ்டீராய்டு மாத்திரை, வீரியமான வலிநிவாரணி ஆகியவையும் அளவைக் கீழே இழுத்துவிடும்.

பரவலாகப் பின்பற்றப்படும் வழிகாட்டுதலின்படி, 12 நானோமோலுக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் சிகிச்சை தேவையில்லை. 8-க்குக் கீழ் இருந்து அறிகுறிகளும் இருந்தால் சிகிச்சை பயன்தரும். இடைப்பட்டவர்களைத்தான் பொறுமையாக ஆராய வேண்டும். நம் இந்திய ஆடவர்களிடம் நீரிழிவும் தொப்பையும் அதிகம் என்பது இங்கே முக்கியம். உடல் பருத்தால், டெஸ்டோஸ்டிரோனைச் சுமந்து செல்லும் புரதம் குறைகிறது. அதனால் மொத்த அளவு உண்மையைவிடக் குறைவாகத் தெரிகிறது. அந்தப் புரதத்தையும் அளந்து, உடல் பயன்படுத்தக்கூடிய பகுதியைக் கணக்கிட்டால் பலருடைய அளவு சரியாகவே இருக்கும்.

துறைமுக ஊழியர் ஒரு வார விடுப்புக்குப் பிறகு இரண்டு முறை காலையில் ரத்தம் கொடுத்தார். ஒன்று 14.1, மற்றொன்று 13.6. ஊசியைப் பற்றிய பேச்சு அத்துடன் முடிந்தது. அவருடைய வேலை நேரத்தைப் பற்றிய பேச்சு தொடங்கியது.

காரணத்தைத் தேடாமல் தொடங்குவது

முதல் ஊசிக்கு முன்பே பிட்யூட்டரிச் சுரப்பியின் ஹார்மோன்களான எல்ஹெச், எஃப்எஸ்ஹெச், புரோலாக்டின் அளவுகளைப் பார்த்துவிட வேண்டும், ஏனெனில் ஊசி உடலுக்குள் போனதும் எல்ஹெச் தானாகவே இறங்கிவிடும். கோளாறு விரையிலா பிட்யூட்டரியிலா என்பதைப் பிறகு பிரித்தறிவது கடினம்.

குழந்தை வேண்டுமா என்று கேட்காமல் விடுவது

இந்தத் தவற்றை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது. நானே செய்தது என்பது ஒரு காரணம்; இன்றைக்கும் இதை மற்றவர்கள் செய்வதைப் பார்க்கிறேன் என்பது இன்னொரு காரணம்.

அப்போது வடக்குப் பகுதியில் ஒரு மருந்தகத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். 36 வயதான ஒருவர் வந்தார். எடை 98 கிலோ. மாலையானால் உடம்பு அடித்துப்போட்டது போல் இருக்கிறது என்றார். மனைவியிடம் நாட்டமே இல்லை என்பதைத் தரையைப் பார்த்தபடி சொன்னார். இரண்டு காலைச் சோதனைகளிலும் அளவு 8-க்குக் கீழே இருந்தது. இந்த முறை சோதனையைச் சரியாகச் செய்துவிட்டேன் என்ற நிறைவில், மூன்று வாரங்களுக்கு ஒரு முறை 250 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் எனந்தேட் ஊசியைத் தொடங்கினேன். பதிவுத் தாளில் 'திருமணம்: ஆம். குழந்தைகள்: இல்லை' என்று தாதி எழுதியிருந்தார். அந்த வரியை நான் படித்தேன். படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

அவருக்கு உடம்பு தேறியது. முகத்தில் தெளிவு வந்தது. பதினான்கு மாதங்கள் கழித்து மனைவியையும் அழைத்துக்கொண்டு வந்தார். அந்த அம்மா கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, மடிப்பை நீவி, என் முன்னால் வைத்தார். விந்துப் பரிசோதனை அறிக்கை. விந்தணுக்கள் காணப்படவில்லை என்று இருந்தது. "இந்த ஊசி போட்டா புள்ள தங்கும்னுதானே டாக்டர் நாங்க நெனச்சோம்?" என்றார். குரலை உயர்த்தவில்லை. "ஒரு தடவகூட எங்ககிட்ட யாரும் கேக்கலையே" என்று மட்டும் சேர்த்தார்.

அவர்கள் அப்படி நினைத்ததில் வியப்பில்லை. நம் மொழியில் 'ஆண்மைக் குறைவு' என்ற ஒரே சொல்லை மூன்று வேறு குறைகளுக்கும் வழங்குகிறோம். விறைப்பு ஏற்படாமை ஒன்று, விந்தணு குறைவது ஒன்று, டெஸ்டோஸ்டிரோன் குறைவது ஒன்று. விளம்பரங்களும் இந்த மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் குழப்புகின்றன. 'ஆண்மை ஹார்மோன்' என்று மருத்துவர் சொன்னதும் அது பிள்ளைப்பேற்றுக்கும் சேர்த்துத்தான் என்று ஒரு குடும்பம் எடுத்துக்கொள்வது இயல்பே. உண்மை இதற்கு நேர் எதிரானது.

விரைகள் இரண்டு வேலைகளைச் செய்கின்றன: டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன, விந்தணுவை உருவாக்குகின்றன. இரண்டுக்கும் கட்டளை பிட்யூட்டரியிலிருந்து எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் வழியாக வருகிறது. விந்தணு உருவாக வேண்டுமானால் விரைக்குள் டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் உள்ளதைப்போலப் பல மடங்கு செறிவாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஊசி ஏறியதும், ரத்தத்தில் போதுமான அளவு இருப்பதாக உணரும் பிட்யூட்டரி கட்டளையை நிறுத்திக்கொள்கிறது; விரைக்குள் சுரப்பு வற்றிப்போகிறது. ரத்தப் பரிசோதனையில் எண் அழகாக ஏறிக்கொண்டிருக்கும்போதே விந்தணு உற்பத்தி படுத்துவிடுகிறது. இதையே கருத்தடையாகப் பயன்படுத்த முடியுமா என்று உலக சுகாதார நிறுவனம் ஆராய்ந்து 1990-ல் முடிவுகளை வெளியிட்டது. வாரம் 200 மில்லிகிராம் எனந்தேட் போட்டுக்கொண்ட 271 ஆரோக்கியமான ஆடவர்களில் 157 பேருக்கு ஆறு மாதங்களுக்குள் விந்தணு முற்றிலும் இல்லாமல் போனது. பிந்தைய ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், ஆசிய ஆடவர்களிடம் இந்த ஒடுக்கம் மேலும் முழுமையாக நிகழ்ந்தது. (அதற்காக ஊசியைக் கருத்தடையென்று நம்பிவிடவும் கூடாது, எல்லாருக்கும் அது பூஜ்யமாவதில்லை.)

ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு விந்தணு திரும்பும். அத்தகைய கருத்தடை ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் வெளியான கணக்கின்படி, ஒரு மில்லிலிட்டருக்கு 2 கோடி என்ற அளவை ஆறு மாதங்களில் 67 விழுக்காட்டினரும், ஓராண்டில் 90 விழுக்காட்டினரும் எட்டினார்கள். ஆனால் அவர்கள் தொடக்கத்தில் நல்ல எண்ணிக்கை கொண்டிருந்தவர்கள். என் முன்னால் உட்கார்ந்திருந்தவரின் தொடக்க எண்ணிக்கை என்ன என்று எனக்குத் தெரியாது. நான்தான் பார்க்கவே இல்லையே. ஊசியை நிறுத்தி, நிபுணரிடம் அனுப்பி, எல்ஹெச்சைப் போல விரைகளைத் தூண்டும் ஹெச்சிஜி ஊசிகள் போட்டு, முதல் விந்தணுக்கள் கண்ணில் பட பதினொரு மாதங்கள் ஆயின. அதற்குள் அந்த அம்மாவின் வயது 38-ஐ நெருங்கிவிட்டது. இரண்டு முறை செயற்கைக் கருத்தரிப்பு செய்துகொண்டார்கள், இரண்டும் தங்கவில்லை. பிறகு அந்த முயற்சியையே விட்டுவிட்டார்கள். என் ஊசி இல்லாதிருந்தால் குழந்தை பிறந்திருக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளை அவர்களிடமிருந்து எடுத்தது நான்.

ஆகவே கேளுங்கள். தனியாகக் கேளுங்கள். நம் குடும்பங்களில் அம்மாவோ மாமனாரோ கூடவே உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவது உண்டு. அவர்களைப் பணிவாக வெளியே காத்திருக்கச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். 28 வயதுப் பையன் "இப்போதைக்கு இல்ல" என்றால் அதை "வேண்டாம்" என்று எழுதிக்கொள்ளாதீர்கள். 52 வயதில் மறுமணம் செய்யப்போகிறவரிடமும் கேளுங்கள். வேண்டும் என்றாலோ தெரியவில்லை என்றாலோ, முதலில் விந்துப் பரிசோதனை செய்துவிடுங்கள். எடையைக் குறைப்பது, ஹெச்சிஜி, பிட்யூட்டரியைத் தூண்டும் குளோமிஃபீன் மாத்திரை போன்று விந்தணு உற்பத்தியை ஒடுக்காத வழிகளை நிபுணரோடு கலந்து பாருங்கள். ஊசியைத் தவிர்க்கவே முடியாது என்றால் விந்தணுவை முன்கூட்டியே உறைநிலையில் சேமிப்பதைப் பற்றிப் பேசுங்கள். மருத்துவர் கேட்க மறந்தால், நோயாளியே இந்தப் பேச்சை எடுக்க வேண்டும்.

நிலக்கடலை ஒவ்வாமை

சஸ்டனான் 250 என்ற டெஸ்டோஸ்டிரோன் ஊசியில் நிலக்கடலை எண்ணெய் இருக்கிறது; கேட்டுவிட்டுப் போடுங்கள்.

கெட்டியான எண்ணெயை அவசரமாகச் செலுத்துவது

நெபிடோ எனப்படும் டெஸ்டோஸ்டிரோன் அன்டெகனோயேட் ஊசி 1,000 மில்லிகிராம். ஆமணக்கெண்ணெய் கலந்த 4 மில்லிலிட்டர் மருந்து. குப்பியைச் சாய்த்தால் தேனைப்போல மெதுவாக நகரும். நான் அதை உள்ளங்கையில் சில நிமிடம் மூடி வைத்திருந்து, உடல் சூட்டுக்கு வந்த பிறகே ஊசிக்குழலில் ஏற்றுவேன். புட்டத் தசையில் ஆழமாக, இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டு செலுத்த வேண்டும். ஒரு நாள் வெளியே வரிசை நீண்டிருந்ததால் அரை நிமிடத்தில் அழுத்தி முடித்தேன். நோயாளி எழுந்திருப்பதற்குள் இருமத் தொடங்கினார்; நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்; முகம் வியர்த்தது. எண்ணெயின் நுண்துளிகள் ரத்தத்தில் கலந்து நுரையீரலின் சிறு குழாய்களைச் சென்றடைவதால் வரும் தொல்லை அது. பத்து நிமிடத்தில் அடங்கியது என்றாலும், அந்தப் பத்து நிமிடமும் அவர் கையை நான் விடவில்லை. ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் மருந்தகத்திலேயே உட்கார வைப்பது இதற்காகத்தான். வேலைக்கு நேரமாகிறது என்று கிளம்புகிறவரை விடாதீர்கள்.

இந்த ஊசியின் இரண்டாவது தவணை ஆறு வாரத்தில். பிறகு 10 முதல் 14 வாரங்களுக்கு ஒரு முறை. அளவு போதுமா என்று பார்க்க, அடுத்த ஊசிக்குச் சற்று முன்பு ரத்தம் எடுக்க வேண்டும். போட்ட மறு வாரமே எடுத்தால் உச்சத்தைப் பார்த்துவிட்டு ஏமாறுவோம்.

ரத்தம் தடித்துப்போவதைக் கவனிக்காமல் விடுவது

டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணுக்களைப் பெருக்கும். குறுகிய காலம் வேலை செய்யும் ஊசிகள் மற்ற வடிவங்களைவிட அதிகமாகப் பெருக்கும். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 54 விழுக்காட்டைத் தாண்டினால் ஊசியை நிறுத்தி, அளவு இறங்கிய பிறகே குறைந்த அளவில் தொடர வேண்டும். தொடங்குமுன் ஒரு முறை, மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் ஒரு முறை, பிறகு ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். இதில் இடறுவதற்குக் காரணம், நோயாளி மகிழ்ச்சியாக இருப்பதுதான். "ரொம்ப நல்லா இருக்கேன் டாக்டர்" என்று வந்த ஒருவரின் சிவந்த முகத்தை நானும் நலத்தின் அறிகுறியாகவே எடுத்துக்கொண்டேன். தலைவலிக்கிறது என்று அவர் மறுபடி வந்தபோது 57. உரத்துக் குறட்டை விடுபவர்களுக்கும், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுபவர்களுக்கும், புகைப்பவர்களுக்கும் இது இன்னும் எளிதில் ஏறும். வெயிலில் நின்று வேலை செய்து தண்ணீர் குடிக்காமல் சோதனைக்கு வருபவரின் எண்ணும் உயர்ந்தே காட்டும். நீர் அருந்தச் சொல்லி மறுபடி பாருங்கள், ஆனால் அதைச் சாக்காக்கித் தள்ளிப்போடாதீர்கள்.

புரோஸ்டேட்

நாற்பதைக் கடந்தவர்களுக்குத் தொடங்குமுன், புரோஸ்டேட் சுரப்பிக்கான பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை. ஓராண்டுக்குள் மீண்டும் ஒரு முறை.

உடற்பயிற்சிக்கூட நண்பரிடம் ஊசி வாங்குவது

வாங்காதீர்கள்.

இதய ஆய்வைப் பாதி மட்டும் படிப்பது

2023-ல் வெளியான டிராவர்ஸ் ஆய்வை மேற்கோள் காட்டி, இதயத்துக்கு ஆபத்தே இல்லை என்று பலர் சொல்லக் கேட்கிறேன். இதய நோயோ அதற்கான அதிக ஆபத்தோ உள்ள, 45 முதல் 80 வயதுக்குட்பட்ட 5,200-க்கும் மேற்பட்ட ஆடவர்களிடம் நடந்த அந்த ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை கூடவில்லை என்பது உண்மை. ஆனால் சீரற்ற இதயத்துடிப்பும், நுரையீரலில் ரத்தக்கட்டியும், திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பும் மருந்து எடுத்தவர்களிடம் அதிகமாக இருந்தன. மேலும் அவர்கள் பயன்படுத்தியது தோலில் தடவும் ஜெல். ஊசியில் வரும் ஏற்ற இறக்கம் அதில் இல்லை. காலில் ரத்தக்கட்டி வந்தவரிடம் இந்த மறுபாதியையும் சொல்லிவிட்டே முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

சொல்லாமல் நிறுத்துவது

செலவைக் கருதியோ அலுப்பினாலோ சிலர் அடுத்த தவணைக்கு வராமல் இருந்துவிடுவார்கள். பல மாதங்களாக உறங்கிய பிட்யூட்டரி உடனே விழித்துக்கொள்வதில்லை. வாரக்கணக்கிலும் சிலருக்கு மாதக்கணக்கிலும் உடம்பில் ஊசி மருந்தும் சொந்தச் சுரப்பும் இல்லாத நிலை வரும். சோர்வும் மனத்தளர்ச்சியும் ஊசிக்கு முன்பிருந்ததைவிடக் கடுமையாகத் தோன்றலாம். நிறுத்த நினைத்தால் மருந்தகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். கடைசி ஊசியின் தேதியைச் சொல்லுங்கள். எப்போது ரத்தம் எடுக்க வேண்டும் என்பதை அதிலிருந்து கணக்கிட்டு நாங்களே நாள் குறித்துத் தருவோம்.