ஒரு படப்புத்தகம், ஒரு பீன்ஸ் விதை: சின்னப் பிள்ளைகளுக்கு அறிவியல் தொடங்குவது எப்படி?

ஒரு விதை மண்ணுக்குள் தூங்குகிறது. மேலே சூரியன் சிரிக்கிறது. பக்கத்தைத் திருப்பினால் இரண்டு பச்சை இலைகள் எட்டிப் பார்க்கின்றன. இப்படி ஒரு படப்புத்தகம் உங்கள் வகுப்பிலோ வீட்டிலோ இருக்கும். அது ஒன்று போதும், இரண்டு வாரத்துக்கு அறிவியல் பாடம் நடத்தலாம்.

முதன்முதலில் நான் இதைச் செய்தபோது பக்கத்துக்குப் பக்கம் நிறுத்தி விளக்கம் சொன்னேன். மூன்றாவது பக்கத்திலேயே பிள்ளைகளின் கண்கள் ஜன்னல் பக்கம் போய்விட்டன. கதையும் போனது, அறிவியலும் போனது. அப்புறம்தான் முறையை மாற்றினேன். புத்தகத்திலிருந்து கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வது, பதிலை நிஜப் பொருளில் தேடுவது. கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த ஒரு எண்ணத்தில்தான் நிற்கின்றன.

படி 1: புத்தகத்தைத் தேர்ந்தெடுங்கள், தனியாக ஒரு முறை படியுங்கள்

பிள்ளைகள் கையால் தொட்டோ கண்ணால் பார்த்தோ சில நாளில் சரிபார்க்கக்கூடிய விஷயமாக இருக்கட்டும். விதை, எறும்பு, நிழல், பனிக்கட்டி உருகுவது இவையெல்லாம் நல்ல தொடக்கம். டைனோசரும் கோள்களும் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வர வழியில்லை என்பதால், அவற்றை இரண்டாவது மூன்றாவது முயற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்புக்கு எடுத்துப் போகும் முன் படங்களை உற்றுப் பாருங்கள். எறும்பின் ஆறு கால்களும் உடலின் நடுப்பகுதியில்தான் ஒட்டியிருக்கும். பல புத்தகங்களில் வயிற்றிலிருந்தும் கால் முளைத்திருக்கும். பிறைநிலாவின் இரண்டு கொம்புகளுக்கு நடுவே ஒரு நட்சத்திரம் மின்னும். அந்த இருட்டுப் பகுதியும் நிலாதான், அதைத் தாண்டி நட்சத்திரம் தெரியாது. பனிக்கரடியும் பென்குயினும் ஒரே பனிப்பாறையில் கைகோத்து நிற்கும். பனிக்கரடி வாழ்வது வடதுருவப் பகுதியில், பென்குயின்கள் வாழ்வது பெரும்பாலும் தென் அரைக்கோளத்தில். 1969இல் எரிக் கார்ல் எழுதி வரைந்த, உலகம் முழுக்கப் பிள்ளைகள் படிக்கும் கம்பளிப்புழுக் கதையில்கூடப் பட்டாம்பூச்சி நூலால் கட்டிய கூட்டிலிருந்துதான் வெளியே வருகிறது. பெரும்பாலான பட்டாம்பூச்சிகள் அப்படிக் கூடு நூற்பதில்லை. புழு கடைசித் தோலை உரித்ததும் உள்ளே கூட்டுப்புழு தயாராக இருக்கும். நூல் நூற்றுக் கூடு கட்டுவது அந்துப்பூச்சிகளின் வழக்கம்.

தவறு இருக்கிறது என்று புத்தகத்தை ஒதுக்கிவிடாதீர்கள். எனக்கு அமைந்த சிறந்த வகுப்புகள் இப்படிப்பட்ட பக்கங்களிலிருந்துதான் வந்தன. தவறு எங்கே என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

படி 2: முதல் வாசிப்பு கதைக்காக மட்டும்

நிறுத்தாமல், கேள்வி கேட்காமல், குரலை ஏற்றி இறக்கி முழுக் கதையையும் வாசியுங்கள். பத்து நிமிடம் ஆகும். கதை பிடித்துப்போன பிள்ளைதான் "இன்னொரு தடவை!" என்று கேட்கும். அந்த இன்னொரு தடவைதான் நமக்கு வேண்டும்.

படி 3: இரண்டாம் வாசிப்பு படத்துக்காக

இப்போது எழுத்து இருக்கும் இடத்தை ஒரு தாளால் மறைத்துவிடுங்கள். படத்தை மட்டும் காட்டி இரண்டு கேள்விகள் கேளுங்கள். "இதில் என்ன தெரிகிறது?" ஒரு பிள்ளை பதில் சொன்னதும், "எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்?" இந்த இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். விரலை நீட்டி, படத்தில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டும் பழக்கம் அதிலிருந்துதான் வருகிறது.

கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர், தொடக்கப் பள்ளி அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து 1970களில் எழுதினார். கேள்விக்குப் பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பதிலே வராமல் போவதும் குறைந்தது. மூன்று விநாடி என்பது சொல்லச் சின்னது, அமைதியான வகுப்பில் நிற்கும்போது நீளமாகத் தெரியும். மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிக்கொள்ளுங்கள்.

படி 4: ஊகத்தை வரைய வையுங்கள்

விதைக்கும் இலைக்கும் நடுவில் புத்தகம் ஒரு பக்கத்தைத் தாண்டிப் போய்விட்டது, அந்தப் பக்கத்தை நீங்கள் வரையுங்கள் என்று சொல்லுங்கள். "விதையிலிருந்து முதலில் எது வெளியே வரும்?" என்பதுதான் கேள்வி. ஏறக்குறைய எல்லாரும் பச்சை இலையைத்தான் வரைவார்கள். திருத்தாதீர்கள். பெயரும் தேதியும் எழுதி வாங்கி வையுங்கள். கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: "விதை முளைக்க என்னென்ன வேண்டும்?" தண்ணீர், மண், சூரியன் என்று வரும். அதைப் பலகையில் அப்படியே எழுதி, அழிக்காமல் விட்டுவிடுங்கள்.

படி 5: விதையைப் போட்டுப் பாருங்கள்

பீன்ஸ் விதைகளை இரவு முழுக்க ஊறப்போடுங்கள். காலையில் உலர்ந்த விதை ஒன்றையும் ஊறிய விதை ஒன்றையும் பிள்ளைகள் கையில் கொடுங்கள். ஊறியது உப்பியிருக்கும், தோல் வழுக்கும். அதைத் துடைத்துவிட்டு, தழும்பு மாதிரி இருக்கும் பக்கத்தைப் பார்த்தபடி மெதுவாக அழுத்தச் சொல்லுங்கள். தழும்புக்குப் பக்கத்தில், ஊசிமுனை அளவு துளையிலிருந்து ஒரு பொட்டுத் தண்ணீர் எழும்பும். இதைப் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், இன்றும் குனிந்து பார்க்கிறேன்.

அப்புறம் கண்ணாடி டம்ளரின் உட்புறம் ஈரமான டிஷ்யூ தாளைச் சுற்றி, நடுவில் பஞ்சை அடைத்து, தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையில் விதைகளைச் செருகுங்கள். வெளியிலிருந்து விதை தெரிய வேண்டும். ஒரு விதையைத் தலைகீழாக வையுங்கள். பஞ்சு ஈரமாக இருந்தால் போதும். விதை தண்ணீரில் மூழ்கினால் காற்றுக் கிடைக்காமல் அழுகிவிடும், புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். வேகவைக்காத பீன்ஸ் விதை வயிற்றுக்கு ஆகாது என்பதால் யாரும் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், தொட்டபின் கை கழுவச் சொல்லுங்கள்.

இதே மாதிரி இரண்டாவது டம்ளர் ஒன்று தயார் செய்து, இருட்டான அலமாரிக்குள் வையுங்கள். பலகையில் எழுதியிருக்கும் "சூரியன்" என்ற சொல்லைச் சோதிக்கத்தான் இது.

தினமும் ஐந்து நிமிடம் போதும். பார்ப்பது, வரைவது, தேதி போடுவது. சில நாளில் தோல் கிழிந்து வெள்ளையாக ஒரு முனை வெளியே வரும். பிள்ளைகள் அதை இலை என்றே நினைப்பார்கள். அது கீழ்நோக்கி வளைவதைப் பார்த்ததும் ஒரு பிள்ளை, "டீச்சர், இது தப்பான பக்கம் போகுது!" என்று பதறியது எனக்கு மறக்காது. தலைகீழாக வைத்த விதையிலும் வேர் திரும்பி வளைந்து கீழேதான் போகும். அதற்கும் பிறகு, கூனிய முதுகு மாதிரி ஒரு வளைவு மேலே எழும்பி, விதையின் இரு பாதிகளையும் தூக்கிக்கொண்டு நிமிரும்.

அலமாரிக்குள் இருந்ததை இப்போது வெளியே எடுங்கள். அதுவும் முளைத்திருக்கும்! ஆனால் தண்டு ஒல்லியாக நீண்டு, இலை வெளிறிய மஞ்சளாக இருக்கும். பீன்ஸ் விதை முளைக்க வெளிச்சம் தேவையில்லை, தண்ணீரும் காற்றும் இதமான வெப்பமும் போதும், முதல் சாப்பாடு விதைக்குள்ளேயே இருக்கிறது. முளைத்தபின் சொந்தமாக உணவு தயாரித்து வளரத்தான் வெளிச்சம் வேண்டும். இதை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். இரண்டு டம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "என்ன வித்தியாசம்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பழையபடி மூன்று எண்ணுங்கள்.

படி 6: பெயர் இப்போது சொல்லுங்கள்

முதலில் வெளியே வந்த வெள்ளை முனை முளைவேர், விதையின் இரு பாதிகள் விதையிலை, அவற்றின் நடுவிலிருந்து வரும் இளந்தளிர் முளைக்குருத்து. கண்ணால் பார்த்த பொருளுக்குப் பெயர் கேட்பது பிள்ளைகளுக்கு இயல்பு, அதனால் மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டியதே இல்லை. இந்தச் சொற்களை முதல் நாளே பலகையில் எழுதினால், டம்ளரைப் பார்க்காமல் பலகையைத்தான் பார்ப்பார்கள்.

படி 7: புத்தகத்துக்குத் திரும்புங்கள்

பலரும் விட்டுவிடும் படி இது. நேரம் இல்லை என்றால் வேறு எதையாவது குறைத்துக்கொள்ளுங்கள், இதை விடாதீர்கள். மூன்றாவது முறையாக அதே கதையை வாசியுங்கள். முதல் நாள் வரைந்த ஊகத்தைத் திருப்பிக் கொடுங்கள். ஒட்டுத்தாள் ஆளுக்கு ஒன்று கொடுத்து, "புத்தகத்தில் எது சரி, எதைச் சேர்க்கணும்?" என்று கேட்டு ஒட்ட வையுங்கள். சிரிக்கும் சூரியனும் பேசும் விதையும் வரும்போது "கதையில் மட்டும்", "நிஜத்திலும்" என்று பலகையில் இரண்டு பத்தி போட்டுப் பிரிக்கலாம். விதை பேசுவதால் கதை கெட்டுப்போவதில்லை, பிள்ளைகளுக்கு அந்த விதையைப் பிடித்ததே அது பேசியதால்தான்.

நிழல் பற்றிய புத்தகம் என்றால், படத்தில் சூரியன் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம்தான் நிழல் விழுகிறதா என்று பார்த்துவிட்டு வெளியே போய், ஒரு குச்சியை நட்டு, காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் நிழலைச் சாக்பீஸால் வரையுங்கள். ஒரே நாளில் முடிந்துவிடும். நிலா என்றால் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 29½ நாள் பொறுக்க வேண்டும், மேகமும் ஒத்துழைக்க வேண்டும். பிள்ளைகள் தினமும் வரையப் பழகியபின் அதை எடுங்கள்.

ஒட்டுத்தாள்களைக் கிழித்துப் போடாமல் புத்தகத்திலேயே விட்டுவையுங்கள். என் விதைப் புத்தகத்தில் இரண்டு இலைகள் எட்டிப் பார்க்கும் பக்கத்தில், கோணல் எழுத்தில் ஒன்று இன்னும் ஒட்டியிருக்கிறது: "கீழே வேர் முன்னாடியே வந்துடுச்சு."