பைமால் பிளகின் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டை, அபிஷேகப்பட்டிப் பக்கம் உயிர்தகவலியல் படிக்கிற பிள்ளைகள் புராஜெக்ட் நேரத்தில் என்னிடம் வருவதுண்டு. பெரும்பாலும் நிலவேம்பில் உள்ள ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற வேதிப்பொருளை ஏதாவது ஒரு புரதத்தில் டாக் செய்திருப்பார்கள், அதாவது அது புரதத்தில் எங்கே எப்படி உட்காரும் என்று கணினியில் பொருத்திப் பார்த்திருப்பார்கள். அடுத்து, முடிவுகளை அலச, மூலக்கூறுகளை முப்பரிமாணத்தில் காட்டும் பைமால் மென்பொருளுக்கு ஒரு பிளகின் (கூடுதல் வசதி தரும் சிறு நிரல்) எழுத ஆசை வரும். ஒரு காலத்தில் நான் விழுந்த அதே குழிகளில் ஒருவர் பாக்கியில்லாமல் விழுகிறார்கள். இண்டெண்ட் பிசகியது, பைத்தான் பதிப்பு ஒத்துவராதது போன்றவற்றைப் பைமாலே கத்திச் சொல்லிவிடும், அதனால் அவை இங்கே வேண்டாம். கத்தாத தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

அணுவை இண்டெக்ஸால் குறித்துவைப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். ஒரு பையன் பயிற்சிக்கு, பிடிபி என்ற புரதக் கட்டமைப்புக் களஞ்சியத்திலிருந்து 1எச்எஸ்ஜி எடுத்திருந்தான். எச்ஐவி புரோட்டியேஸின் நடுவே இண்டினாவிர் மருந்து உட்கார்ந்திருக்கும் கட்டமைப்பு அது. 25-ஆம் அமினோ அமிலமான அஸ்பார்ட்டேட்டின் ஆக்சிஜனைச் சொடுக்கினால் அவனுடைய பிளகின் அதன் இண்டெக்ஸை (வரிசை எண்ணை) ஒரு லிஸ்டில் போட்டுக்கொள்ளும். பட்டனை அழுத்தினால் அங்கிருந்து மருந்துக்கு உள்ள தூரத்தைக் காட்டும். நன்றாகத்தான் ஓடியது.

அப்புறம் புரதத்துக்கு ஹைட்ரஜன் சேர்த்து, சோதனைக்காக இண்டினாவிரையே திரும்ப டாக் செய்தான். 3 ஆங்ஸ்ட்ராம் பக்கத்தில் இருந்த தூரம் 5-ஐத் தாண்டிவிட்டது. பிழைச்செய்தி எதுவும் கிடையாது. "சார், நேத்து சரியாத்தான் வந்துச்சு, டாக்கிங்தான் கெட்டுப்போச்சு போல" என்று ராத்திரி முழுக்க வைனா என்ற டாக்கிங் நிரலைத் திரும்பத் திரும்ப ஓட்டியிருக்கிறான். "ஏல, டாக்கிங்க ஏன் குத்தம் சொல்லுத? ஒன் லிஸ்ட்டப் பாரு" என்றேன். பார்த்தால், அந்த எண்ணில் இப்போது வேறு அணு.

பைமாலில் இண்டெக்ஸ் என்பது அணு அந்த நேரத்தில் நிற்கிற இடம், அவ்வளவுதான். அணுக்களைச் சேர்த்தாலோ நீக்கினாலோ வரிசை நகர்ந்துவிடும். 'ரேஷன் கடை வரிசையில் ஏழாவதாக நிற்பவர் எனக்கு நூறு ரூபாய் தரவேண்டும்' என்று நோட்டில் எழுதிவைத்தால் எப்படிக் கடனை வசூலிப்பது? ஐடி என்பது பிடிபி கோப்பில் இருந்த எண், ரேங்க் என்பது கோப்பில் இருந்த வரிசை. இவை கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் இரண்டு கோப்பு திறந்தால் இரண்டிலும் அதே எண்கள் இருக்கும். விஎம்டி என்ற வேறொரு மூலக்கூறு மென்பொருளின் ஸ்கிரிப்டைப் பார்த்து எழுதுகிறவர்களுக்கு இன்னொரு கூத்தும் உண்டு: அங்கே இண்டெக்ஸ் 0-இல் தொடங்கும், பைமாலில் 1-இல்.

அணுவுக்கு முழு முகவரி எழுதுங்கள்: ஆப்ஜெக்ட் (பைமாலில் ஏற்றிய மூலக்கூறு), செக்மெண்ட், செயின் (புரதச் சங்கிலி), ரெசிடியூ (சங்கிலியின் ஓர் அமினோ அமிலம்), அணுப்பெயர், மாற்று இருப்பிடம் (ஒரே அணுவுக்குக் கோப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட இடம்) இருந்தால் அதுவும். ஒவ்வொரு தடவையும் அளப்பதற்கு முன்னால் அந்த முகவரியில் எத்தனை அணு என்று 'கவுண்ட் ஆட்டம்ஸ்' வைத்து எண்ணுங்கள். 1 வரவில்லையா, பிளகின் அங்கேயே நின்று புகார் சொல்லட்டும். 1எச்எஸ்ஜியில் ஏ, பி என்று இரண்டு செயின், இரண்டிலும் 25 உண்டு. செயினை எழுத மறந்தால் இந்த ஒரு வரி பிடித்துக்கொடுத்துவிடும்.

ரெசிடியூ எண்ணை முழு எண்ணாக்குவது

திராம்பின் என்ற புரதத்தில் 60-க்குப் பிறகு 60ஏ முதல் 60ஐ வரை ஒன்பது ரெசிடியூக்கள் இருக்கின்றன. ரெசிடியூ எண்ணைத் தரும் பைமாலின் 'ரெஸி' இவற்றை எழுத்தோடு சேர்த்தே கொடுக்கும். சுலபமாக இருக்கிறதே என்று, முழு எண்ணை மட்டும் தரும் 'ரெஸ்வி'யை எடுத்தால் பத்தும் 60 ஆகிவிடும். சத்தமே வராது. ஸ்டிரிங்காகவே (எழுத்துத் தொடராகவே) வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஸ்டேட்டோடு நின்றுவிடுவது

வைனா வழக்கமாக 9 போஸ் வரை, அதாவது மருந்து உட்காரக்கூடிய 9 நிலைகள் வரை எழுதும். பைமால் அவற்றை ஒரே ஆப்ஜெக்டின் ஸ்டேட்களாக (ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும் நிலைகளாக) ஏற்றும். அணுக்களின் ஆயங்களை (இட எண்களை) எடுக்கும் 'கெட் கோர்ட்ஸ்', எந்த ஸ்டேட் என்று நீங்கள் சொல்லாவிட்டால் ஸ்டேட் 1-ஐத்தான் கொடுக்கும். ஒன்பது போஸுக்கும் தசமம் பிசகாமல் ஒரே தூரம் போட்ட அட்டவணையை ஒருவர் ஆய்வேட்டில் ஒட்டி, "முடிவுகள் சீராக உள்ளன" என்று கீழே எழுதியும் இருந்தார்.

வைனாவைப் பட்டனுக்குள்ளேயே ஓட்டுவது

ஜன்னல் உறைந்துவிடும். தனி பிராசஸில் விடுங்கள்.

அலகு

மூலக்கூறுகளின் அசைவைக் கணிக்கும் குரோமாக்ஸின் ஜிஆர்ஓ கோப்பு நானோமீட்டர், பிடிபி ஆங்ஸ்ட்ராம். ஜிஆர்ஓவை நீங்களே படித்தால் பத்தால் பெருக்கவும்.

பிடிபி வரியை இடைவெளி வைத்துப் பிரிப்பது

பைமாலே படித்துத் தரும்போது நீங்கள் ஏன் படிக்கிறீர்கள் என்பது என் முதல் கேள்வி. படித்தே ஆகவேண்டுமென்றால் நெடுவரிசையைக் கணக்கில் வையுங்கள். ஆயங்கள் 31 முதல் 54 வரை, ஒவ்வொன்றுக்கும் 8 இடம். -100.123 என்று வந்தால் எட்டும் நிரம்பி முந்தைய எண்ணோடு ஒட்டிக்கொள்ளும். மாற்று இருப்பிடம் இருந்தால் அதன் எழுத்து ஒட்டிக்கொண்டு, ஏஎஸ்பி (அஸ்பார்ட்டேட்டின் சுருக்கம்) என்பது ஏஏஎஸ்பி ஆகிவிடும். அணு எண்ணுக்கு 5 இடம்தான், அதனால் 99,999-க்கு மேல் இந்த வடிவத்தில் எழுத இடமே கிடையாது. ரைபோசோம் மாதிரி பெரிய கட்டமைப்பு என்றால் இந்த இட வரம்பு இல்லாத எம்எம்சிஐஎஃப் வடிவக் கோப்பை எடுங்கள்.