கடன் மதிப்பெண்ணைப் பார்க்கப் பணம் கட்ட வேண்டியதில்லை

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களிடமிருந்தும் மூன்று மாதத்திற்கு ஒன்றாக இலவச அறிக்கையைப் பெற்றுக்கொண்டால், காசு செலவில்லாமல் ஆண்டு முழுவதும் உங்கள் கடன் கணக்கைக் கண்காணிக்கலாம். ஒவ்வொரு நிறுவனமும் கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறோம் என்பதைக் காட்டும் மதிப்பெண்ணுடன் கூடிய முழு அறிக்கையை ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகத் தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2017 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வங்கிகள் தங்கள் வாடிக்கையாளர்களின் கடன் விவரங்களை நான்கு நிறுவனங்களுக்கும் அனுப்புவதால், பெரிய தவறுகள் எந்த அறிக்கையிலும் பெரும்பாலும் தெரிந்துவிடும். நமது அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது.

இணையதளத்தில் கட்டணத் திட்டங்களே முதலில் கண்ணில் படலாம். ஆண்டு இலவச அறிக்கைக்கான இணைப்பைத் தேடி அதன் வழியாகவே செல்லுங்கள். மதிப்பெண்ணோடு நின்றுவிடாமல், முழுவதும் கட்டி முடித்த கடன் 'குளோஸ்டு' என்பதற்குப் பதிலாக 'செட்டில்டு' என்று பதிவாகியிருக்கிறதா என்று அவசியம் பாருங்கள், ஏனெனில் பாக்கியைத் தள்ளுபடி செய்து முடித்த கணக்கு என்பதே அதன் பொருள். தவறு இருந்தால் அந்நிறுவனத்திடமே இலவசமாகப் புகார் செய்யலாம். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

விரைவில் வீட்டுக்கடனுக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு மூன்று மாதத்திற்கு ஒன்றாக வாங்கும் இந்த முறை ஒத்துவராது. அவர்கள் நான்கையும் ஒரே நேரத்தில் வாங்கி ஒப்பிட்டுப் பார்ப்பதே நல்லது.